தோரோங் லா, 14 அக்டோபர் 2014: இறக்கத்தில் நேர்ந்த விபத்து

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிவரும் நடைப்பாதையின் மிக உயரமான இடம் தோரோங் லா கணவாய். உயரம் 5,416 மீட்டர். 2014 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, அந்தக் கணவாயிலும் அதை ஒட்டிய மனாங், முஸ்தாங் மாவட்டங்களிலும் அரை நாளுக்குள் ஏறத்தாழ ஆறடிப் பனி கொட்டியது. பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் சேர்த்துக் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். பலருக்குக் கைவிரலும் கால்விரலும் உறைந்துபோயிருந்தன. இறந்தவர்களில் நேபாளிகளோடு இந்தியா, இஸ்ரேல், கனடா, போலந்து, ஸ்லோவாக்கியா நாட்டவரும் உண்டு. அந்த நேரத்தில் இது நேபாளத்தின் மிகக் கொடிய ட்ரெக்கிங் விபத்தாகப் பேசப்பட்டது.

43 பேரும் ஒரே இடத்தில் சாகவில்லை. தவுளகிரி அடிவார முகாமில் இரண்டு ஸ்லோவாக்கிய மலையேறிகளும் மூன்று நேபாளிக் கைடுகளும் பனிச்சரிவில் இறந்தார்கள். நார், ஃபூ பள்ளத்தாக்கில் கனடா நாட்டுப் பயணிகள் பனிச்சரிவில் சிக்கினார்கள். மனாங் மாவட்டத்தில் யாக் மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்களும் இறந்தார்கள். இந்த ஆய்வு தோரோங் லாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல உடல்நிலையோடு, கூட்டத்தோடு, தெரிந்த பாதையில் நடந்தவர்கள். உச்சியைத் தாண்டி மேற்குப் பக்கம் இறங்கும்போதுதான் அவர்கள் விழுந்தார்கள். ‘ஏறிவிட்டோம், இனி இறக்கம்தானே’ என்ற நினைப்பு அந்த நாளில் எப்படி ஆளைக் கொன்றது என்பதே இங்கே கேள்வி.

கணவாயின் இரண்டு பக்கங்கள்

தோரோங் லா குறுகலான பிளவு அல்ல. காதுங் காங் (6,484 மீ.), யகவா காங் (6,482 மீ.) என்ற இரு சிகரங்களுக்கு நடுவே கிடக்கும் அகன்ற மேட்டுவெளி. கிழக்கே மனாங், மேற்கே முஸ்தாங். பயணிகள் அநேகமாக எல்லோரும் கிழக்கிலிருந்தே கடக்கிறார்கள். மனாங் ஊர் (3,540 மீ.), யாக் கர்கா (சுமார் 4,050), தோரோங் பேதி (சுமார் 4,450), ஹை கேம்ப் (சுமார் 4,880) என்று இரவு தங்கிப் படிப்படியாக ஏற அந்தப் பக்கத்தில்தான் லாட்ஜ்கள் உள்ளன. மேற்கிலிருந்து ஏறினால் முக்திநாத்திலிருந்து (சுமார் 3,800) ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற வேண்டும். நடுவில் சரபு என்ற இடத்தில் (சுமார் 4,230) சில டீக்கடைகளைத் தவிர வேறு கூரை இல்லை.

(முக்திநாத் தமிழ் வைணவர்களுக்குத் திருச்சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. தென்னாட்டுப் பக்தர்கள் பெரும்பாலும் போக்ராவிலிருந்து ஜோம்சோம் வழியாக விமானத்திலோ ஜீப்பிலோ வந்துவிடுவதால் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் இந்தக் கணவாயோடு அவர்களுக்கு வேலையில்லை.)

இந்த அமைப்பை உச்சியில் நிற்பவரின் கண்ணால் பார்க்க வேண்டும். திரும்பினால் ஹை கேம்ப்: 540 மீட்டர் கீழே, நல்ல நாளில் ஒன்றரை மணி நேரம், காலையில் தன் காலாலேயே மிதித்துவந்த பாதை. முன்னே போனால் முதல் கூரை சரபு: ஏறக்குறைய 1,200 மீட்டர் கீழே, நல்ல நாளில் மூன்று மணி நேரம், இதுவரை பார்த்தே இராத நிலம். முக்திநாத் வரை சுமார் பத்து கிலோமீட்டர், நாலைந்து மணி நேரம். ஆக, உச்சியில் இருப்பவருக்கு அடைக்கலம் பின்னால்தான் அருகே இருக்கிறது. ஆனால் ஏறிய களைப்பும், விட்டுவந்த உயரத்தை மீண்டும் ஒருநாள் ஏற வேண்டுமே என்ற எண்ணமும், ஜோம்சோமில் பதிவுசெய்த விமானமும் சேர்ந்து ஆளை முன்னே தள்ளுகின்றன.

மேற்குச் சரிவின் நில அமைப்பு இன்னொரு கண்ணி. உச்சியிலிருந்து முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதமான இறக்கம். பனியாறு தள்ளிவிட்டுப் போன கல்மேடுகளும் ஓடைப் பள்ளங்களும் மாறி மாறி வரும் திறந்தவெளி. வெயிலடிக்கும் நாளில் எங்கே நடந்தாலும் போய்ச் சேரலாம் போலத் தோன்றும். மேகமும் பனியும் மூடி, வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டால் பாதையைப் பிடித்துக்கொள்ள ஒரு சுவரோ வேலியோ மரமோ கிடையாது. சரிவு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கால் போகும். கால் போகும் பக்கம் ஓடைப் பள்ளம். காற்று அள்ளிவந்த பனி இடுப்பளவுக்கு மேல் குவிந்திருப்பதும் அங்கேதான்.

விசாகப்பட்டினத்துக்கு நேர் வடக்கே

பனி இமயத்தில் பிறந்ததல்ல, வங்காள விரிகுடாவிலிருந்து வந்தது. ஹுட்ஹுட் புயல் அக்டோபர் 12 ஞாயிறன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. வரைபடத்தை எடுத்தால் விசாகப்பட்டினம் கிழக்குத் தீர்க்கரேகை 83.3 பாகையில், தோரோங் லா 83.9 பாகையில். ஏறக்குறைய ஒரே கோடு, நடுவே 1,200 கிலோமீட்டர். கரையேறிய புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமாகி, சத்தீஸ்கர் வழியாக வடக்கே நகர்ந்து உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியை எட்டியது. அப்போது மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மேலடுக்குக் காற்றுத் தொய்வு ஒன்று (உயரத்துக் காற்றோட்டம் தெற்கே வளைந்து இறங்கும் தாழ்வழுத்தப் பகுதி) அதன் ஈரத்தை இழுத்து மலைச்சுவரில் ஏற்றியது. கடலோரத்தில் மழையாகப் பெய்ய வேண்டிய நீர் 4,000 மீட்டருக்கு மேல் பனியாக இறங்கியது.

தமிழ்நாட்டில் கடலூர், சென்னை என்று கரையேறும் புயல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். நம் பக்கம் ஏறுபவை பெரும்பாலும் மேற்கே நகர்ந்து அரபிக்கடலை நோக்கிப் போய்விடும். வட ஆந்திரம், ஒடிசா, வங்காளம் பகுதியில் ஏறுபவைதான் வடக்கே வளைந்து இமயத்தை முட்டக்கூடியவை. இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1995 நவம்பரில் வங்கக்கடல் புயல் ஒன்று ஆந்திரக் கரையேறியதைத் தொடர்ந்து எவரெஸ்ட் பகுதியில் கடும்பனி பெய்தது. கோக்யோ பள்ளத்தாக்கின் பாங்காவில் பனிச்சரிவு லாட்ஜை மூடி 13 ஜப்பானியப் பயணிகளும் அவர்களோடிருந்த நேபாளிகளும் இறந்தார்கள். மலைக்காரர்கள் அக்டோபரை ‘பருவமழை முடிந்து வானம் கழுவிவிட்ட மாதம்’ என்று நம்புவது பத்தில் ஒன்பது நாளுக்குச் சரி. அந்தப் பத்தாவது நாள் வங்காள விரிகுடாவின் புயல் பருவத்துக்குள் விழுகிறது.

எச்சரிக்கை இல்லாமல் போனதா? கடலோரத்துக்கு இருந்தது. இந்திய வானிலை ஆய்வு மையம் ஹுட்ஹுட்டின் பாதையை நாட்கணக்கில் முன்கூட்டிச் சொன்னது. லட்சக்கணக்கான மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதே புயலின் மிச்சம் இரண்டு நாளில் நேபாளத்தை அடையும் என்பதும் வானிலை வரைபடங்களில் தெரிந்த ஒன்றுதான். அந்தத் தகவல் மனாங்கின் சோதனைச் சாவடிக்கோ, தோரோங் பேதியின் லாட்ஜ் சமையலறைக்கோ, ‘நாளை யாரும் ஏறாதீர்கள்’ என்ற ஒற்றை வரியாக வந்து சேரவில்லை. பொது முன்னறிவிப்பில் மழை, பனி என்று இருப்பதற்கும், குறிப்பிட்ட கணவாயைக் குறிப்பிட்ட நாளில் மூடச் சொல்வதற்கும் இடையில் யாரும் பொறுப்பேற்காத இடைவெளி கிடந்தது.

13 இரவிலிருந்து 14 மாலை வரை

பருவத்தின் உச்சம். தசைன் விழா முடிந்த மறுவாரம். அந்த நாட்களில் ஒரே காலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் கணவாயைக் கடப்பது சாதாரணம். பேதியிலும் ஹை கேம்பிலும் படுக்கைகள் நிரம்பி, பயணிகள் சாப்பாட்டு அறைத் தரையில் படுப்பதும் உண்டு. இந்த நெரிசலே முடிவுகளைக் கோணலாக்கியது. இன்று இங்கே தங்கிவிடலாம் என்று ஒருவர் நினைத்தால், கீழிருந்து மதியம் வரப்போகும் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படுக்கை போய்விடும் என்ற பயம் கூடவே வருகிறது.

மேகம் 13ஆம் தேதியே கூடிவிட்டது. 14ஆம் தேதி விடியலுக்கு முன் புறப்படும் வழக்கமான நேரத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. வழக்கப்படி பேதியிலிருந்து கிளம்புபவர்கள் நாலு மணிக்கும், ஹை கேம்பிலிருந்து கிளம்புபவர்கள் ஐந்து மணிக்கும் ஹெட்லைட் வெளிச்சத்தில் நடையைக் கட்டுவார்கள். பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று வலுக்கும், அதற்குள் உச்சியைத் தாண்ட வேண்டும் என்பதே இந்த அதிகாலைப் புறப்பாட்டின் நோக்கம். இருட்டில் கிளம்பும் பழக்கத்துக்கு ஒரு கெடுதல் உண்டு: மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எந்தத் திசையில் திரள்கிறது என்று பார்க்க முடியாத நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்னே ஒரு வரிசை விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர் தன் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிடுவார்.

கிளம்பாமல் இருந்தவர்களும் இருந்தார்கள். பாதி ஏறித் திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் செய்திகளில் அதிகம் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதால்.

உச்சியை எட்டியவர்கள் காலை கடக்கும்போது முழங்கால் அளவுப் பனியிலும், பிறகு தொடை, இடுப்பு அளவிலும் சிக்கினார்கள். இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கணுக்கால் அளவுப் பனியில் இறக்கத்தில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போகலாம். முழங்கால் அளவானால் பாதை போட்டுக்கொண்டு போகும் முதல் ஆளுக்கு மணிக்கு ஒரு கிலோமீட்டரே நல்ல வேகம். இடுப்பளவில் அதிலும் பாதி. முற்பகல் பதினோரு மணிக்கு உச்சியை விட்டவர் முழங்கால் பனியிலேயே பத்து கிலோமீட்டர் போனாலும் இரவு ஒன்பது மணியாகும். அக்டோபர் நடுவில் அங்கே மாலை ஐந்தரையை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். அதாவது அந்த நேரத்தில் இறங்கத் தொடங்கியவர் வெளிச்சத்தில் முக்திநாத்தை அடைவது கணக்கிலேயே இல்லை. ‘இறங்கினால் நாலு மணி நேரம்’ என்ற வெயில்நாள் எண்ணை மனத்தில் வைத்துத்தான் பலர் கிளம்பினார்கள்.

உச்சியில் இருந்த குடிசை

கணவாயில், பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய பலகைக்குப் பக்கத்தில், கல் அடுக்கிக் கட்டிய சிறிய டீக்கடை இருக்கிறது. புயல் முற்றியபோது டஜன் கணக்கானோர் அதில் நெருக்கியடித்து நின்றார்கள். பிற்பகலில் ஒரு பகுதியினர் கீழே போவதே நல்லது என்று கிளம்பினார்கள். இன்னொரு பகுதியினர் தங்கினார்கள். இரவு அங்கேயே கழித்தவர்களில் பலர் மறுநாள் உயிரோடு வெளியே வந்தார்கள். கிளம்பியவர்களில் பலர் வரவில்லை.

யார் யாரைக் கிளப்பிவிட்டது என்பது குறித்துப் பிழைத்தவர்கள் பிறகு பத்திரிகைகளிடம் சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை; அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது. தீர்க்கக்கூடியது ஒன்று: அந்தக் குடிசையில் ஓர் இரவு தங்குவது உடல்ரீதியாக முடியுமா என்பது. முடியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. முப்பது பேர் என்றால் 3 கிலோவாட், வீட்டு ஹீட்டர் இரண்டு ஓடுவதற்குச் சமம். காற்றை நிறுத்தும் நாலு சுவர் இருந்தால் அந்த வெப்பமே உள்ளே உறைநிலையை ஒட்டி வைத்திருக்கப் போதும். வெளியே அதே மனிதர் அதே 100 வாட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்.

எப்படித் தங்குவது என்பது தெரிந்திருக்க வேண்டும். முதலில் தரை: முதுகுப்பை, கயிற்றுச் சுருள், மூங்கில் தட்டி, எது கிடைத்தாலும் அதன்மேல் உட்கார வேண்டும், மண்தரை காற்றைவிட வேகமாக உடல் சூட்டை இழுக்கும். நனைந்த காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, உலர்ந்ததை மாட்ட வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரின் அக்குளிலோ வயிற்றிலோ பாதத்தை வைக்க வேண்டும். வெட்கப்பட நேரமில்லை. மணிக்கொரு முறை வாசல் பனியை உதைத்துத் தள்ளாவிட்டால் கதவு திறக்காது. அடுப்பு மூட்டினால் காற்றுவழி ஒன்று திறந்தே இருக்க வேண்டும். மூடிய குடிசையில் மண்ணெண்ணெய் அடுப்போ கேஸோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு குளிரைவிடச் சீக்கிரம் வேலையை முடித்துவிடும். உயரத்தில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் பற்றாக்குறை இருப்பதால் தலைவலி, மயக்கம் வந்தாலும் யாரும் அதை அடுப்பின்மேல் சந்தேகப்பட மாட்டார்கள்.

5,400 மீட்டரில் இரவு தங்கினால் மலைநோய் (உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவால் வரும் உபாதை) வராதா என்ற கேள்வி நியாயமானதே. வரலாம். நுரையீரலில் நீர்கூடக் கோக்கலாம். ஆனால் மனாங்கில் முறையாகப் பழகியவருக்கு ஓர் இரவில் அது வருவதைவிட, இடுப்பளவுப் பனியில் இருட்டில் அலைந்து குளிரில் விழுவதற்கான வாய்ப்பு பன்மடங்கு அதிகம். ‘உயரத்தில் சிக்கல் என்றால் உடனே இறங்கு’ என்ற பாடம் மலைநோய்க்குச் சொன்னது. அதைப் புயலுக்கும் பொருத்திவிடுகிறார்கள்.

குளிர் உடலை என்ன செய்கிறது

காற்று இல்லாத மைனஸ் 10 டிகிரி ஒரு நல்ல ஜாக்கெட்டுக்குள் தாங்கக்கூடியது. அதே மைனஸ் 10இல் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 22. மைனஸ் 15இல் 60 கிலோமீட்டர் காற்று என்றால் மைனஸ் 30ஐ ஒட்டி வந்துவிடும். மூடாத மூக்கும் கன்னமும் அரை மணி நேரத்தில் உறையத் தொடங்கும் அளவு அது. கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் பாதியைவிடச் சற்றே கூட. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்த உடல் நடுக்கத்தால் உண்டாக்கும் சூட்டையும் முழுதாக உண்டாக்காது, விரல்களுக்கு இரத்தம் அனுப்புவதையும் சீக்கிரம் நிறுத்திவிடும்.

இதைவிட ஆபத்தானது மூளையில் நடப்பது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல். 32ஐ நெருங்கும்போது நடுக்கம் நிற்கிறது. ஆளுக்குக் குளிர் விட்டுவிட்டது போலத் தோன்றும், உட்கார்ந்தால் போதும் என்று தோன்றும். அந்த நிலையில் தனியே இருப்பவர் கையுறையைத் தவறவிட்டாலும் திரும்ப எடுக்க மாட்டார். பையில் இருக்கும் டவுன் ஜாக்கெட்டை (இறகு அடைத்த மேலுடை) போட்டுக்கொள்ளவும் தோன்றாது. போர்ட்டர் வைத்திருக்கும் குழுக்களில் இன்னொரு சிக்கல்: டவுன் ஜாக்கெட்டும் தூக்கப்பையும் போர்ட்டரின் மூட்டைக்குள், போர்ட்டரோ வேகமாக நடந்து ஒரு மணி நேரம் முன்னால். பயணி தோளில் தண்ணீர்ப் புட்டியும் கேமராவும் மட்டும். கணவாய் நாளன்று வெப்ப உடைகள் அத்தனையும் உடையவரின் முதுகில்தான் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

போர்ட்டர்களின் நிலை வேறு. அன்று இறந்த நேபாளிகளில் கைடுகளும் போர்ட்டர்களும் உண்டு. கான்வாஸ் ஷூ, ஒற்றைக் கையுறை, பருத்திக் காற்சட்டையோடு 5,400 மீட்டரைக் கடக்க வைப்பது முதலாளியின் குற்றம். ஆள் அமர்த்தும்போதே காலணி, கையுறை, கண்ணாடி, காப்பீடு நாலையும் கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறுவது பயணியின் கடமை.

மீட்பும் மருத்துவமும்

வானம் தெளிந்த 15ஆம் தேதிதான் ஹெலிகாப்டர்கள் வேலையைத் தொடங்க முடிந்தது. நேபாள ராணுவமும் தனியார் ஹெலிகாப்டர்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து ஆட்களை இறக்கினார்கள். கணவாய் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு ஓரிருவரையே தூக்கும். நூற்றுக்கணக்கானோரை இறக்க நாட்கள் ஆனது அதனால்தான். பனிப்புயல் நாளில் ஹெலிகாப்டரை எண்ணி முடிவெடுக்கக் கூடாது; அது வருவது புயல் முடிந்த பிறகு.

உறைந்த விரலுக்கு முதலுதவியில் நடக்கும் தவறுகள் மூன்றும் அங்கே நடக்கக்கூடியவை: பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது, பாதி வழியில் இளக்கிவிட்டு மீண்டும் குளிரில் நடப்பது. மூன்றாவதுதான் விரலை முழுதாகத் தொலைப்பது. இனி உறையாது என்று உறுதியான இடத்தை அடைந்த பிறகே இளக்க வேண்டும். உறைந்த காலோடு நடந்து இறங்கலாம். இளக்கிய காலோடு நடக்கக் கூடாது. லாட்ஜில் 37 முதல் 39 டிகிரி நீர், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு, ஏறத்தாழ அரை மணி நேரம், தோல் சிவந்து மெத்தென்று ஆகும்வரை. நீர் ஆற ஆறச் சூடு சேர்க்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும். ஐபுப்ரோஃபென் ஒத்துக்கொள்பவருக்கு 400 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, வலிக்கும் உதவும், திசு அழற்சிக்கும் உதவும். கொப்புளத்தை உடைக்காமல், விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தளர்வாகக் கட்டி, 24 மணி நேரத்துக்குள் காட்மாண்டுவில் இரத்த உறைவைக் கரைக்கும் மருத்துவ வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பப் பார்க்க வேண்டும். அந்த அவகாசம் தாண்டினால் சில மருந்துகளுக்குப் பயனில்லை.

குளிரில் சுருண்டு மயங்கியவரை உட்கார வைத்து உலுக்கக் கூடாது. கிடையாகவே தூக்கி, நனைந்த துணியை வெட்டியெடுத்து, நெஞ்சுப் பகுதியில் சூடு கொடுக்க வேண்டும். தட்டி எழுப்பி நடக்க வைத்தால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம்.

அடுத்த முறை கடப்பவருக்கு

திட்டத்தில் இரண்டு நாள் உபரி இல்லாதவர் கணவாய்க்குப் போகக் கூடாது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம், கீழே வரும் மற்ற எல்லாமே அந்த இரண்டு நாளை நம்பித்தான் நிற்கின்றன. இப்போது நடைப்பாதை தொடங்கும் பேசிசஹரிலிருந்து (760 மீ.) மனாங் வரை ஜீப் போகிறது. ஒன்றிரண்டு நாளில் 3,500 மீட்டரில் இறங்கிவிட்டு, மிச்சப்படுத்திய நாட்களை விடுமுறைக் கணக்கில் சேர்ப்பவர்கள் அதிகம். மிச்சப்படுத்திய நாட்கள் மனாங்கில் செலவாக வேண்டும்: குறைந்தது இரண்டு முழு இரவுகள், பகலில் பிராகா ஊருக்கு மேலே உள்ள பனிஏரிக்கு (சுமார் 4,600) ஏறி இறங்குவது, அல்லது தீலிச்சோ ஏரிச் சுற்று (4,919). 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நாலு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1981 முதல் பருவகால மருத்துவ நிலையம் நடத்துகிறது. அவர்களின் பிற்பகல் மலைநோய் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

வானிலை பார்க்கும்போது ‘முக்திநாத் வானிலை’ என்று தேடுவதில் பயனில்லை. கணவாய் அதற்கு 1,600 மீட்டர் மேலே. விண்டி போன்ற செயலிகளில் 500 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்துக் காற்று தெரியும். தோரோங் லாவுக்கு அதுவே சரியான உயரம். அங்கே மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் தங்கிவிடுவது உத்தமம். ஐரோப்பிய, அமெரிக்க வானிலைக் கணிப்பு மாதிரிகள் இரண்டும் பனியளவில் முரண்பட்டால் மோசமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பரில் மனாங்கை விட்டுக் கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிக்கையைப் பார்க்க வேண்டும். வட ஆந்திரத்துக்கும் வங்காளத்துக்கும் இடையே ஏதாவது கரையேறினால், அடுத்த 72 மணி நேரத்துக்குப் பேதிக்கு மேல் போகக் கூடாது. தங்குவதற்கு ஹை கேம்பைவிடப் பேதி நல்லது, மனாங் அதைவிட நல்லது: பேதிக்கும் ஹை கேம்புக்கும் இடையிலான செங்குத்துச் சரிவும், பேதிக்கு முன்னால் வரும் சரிந்த நிலமும் புதுப்பனி விழுந்தால் பனிச்சரிவு பாயக்கூடியவை.

புறப்பட்ட பிறகு இரண்டு கோடுகள் போதும். ஹை கேம்பிலிருந்து ஒரு மணி நேரம் நடந்த இடத்தில் புதுப்பனி கணுக்காலைத் தாண்டிப் பெய்துகொண்டிருந்தால் திரும்ப வேண்டும். காலை பத்து மணிக்கு உச்சியைத் தொடவில்லையென்றாலும் திரும்ப வேண்டும். உச்சியில் நின்றுகொண்டு யோசிக்கும் முடிவாக இதை விட்டுவைக்கக் கூடாது. முந்தின இரவே, சாப்பாட்டு மேசையில், குழுவில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி வைத்திருக்க வேண்டும். கைடுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள்: “தாய், நாளைக்குக் கடக்காவிட்டாலும் உங்கள் சம்பளத்தில் குறையாது, தங்கும் நாளுக்கும் உண்டு.” ‘தாய்’ என்பது நேபாளத்தில் அண்ணனை அழைப்பது. கூலி போய்விடுமோ, கம்பெனியில் கெட்ட பெயர் வருமோ என்ற பயம் இல்லாத கைடின் வாயிலிருந்துதான் ‘வேண்டாம்’ என்ற சொல் நேரத்துக்கு வரும்.

பையில்: காலணிக்குள் பனி புகாமல் கீழ்க்காலை மூடும் கெய்ட்டர், காலணியின் அடியில் மாட்டும் முள்ளாணி வளையமான மைக்ரோஸ்பைக், உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி, கையுறைக்கு மேல் போடும் மிட்டன் (விரல் பிரிக்காத உறை), பக்கம் மூடிய கண்ணாடி (புதுப்பனி வெயிலில் ஒரு காலை போதும், மாலையில் கண் திறக்க முடியாது), ஒருவர் நுழையும் அவசர உறை, விசில், ஹெட்லைட்டுக்கு லித்தியம் பேட்டரி. சாதாரணப் பேட்டரி அந்தக் குளிரில் விரைவில் அடங்கிவிடும். ஃபோன் உள்சட்டைப் பையில், உடலோடு ஒட்டி; பாதையை வரைபடத்தில் கோடாகக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பு அதில் முன்பே இறக்கியிருக்க வேண்டும். வெள்ளைமூட்டத்தில் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காமல் காப்பது அந்தக் கோடுதான். செயற்கைக்கோள் தகவல் கருவி வாங்க நினைக்கும் இந்தியப் பயணிகள் கவனிக்க: அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம், விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. காட்மாண்டுவில் வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவது தொல்லையில்லாத வழி.

பனி நின்ற பிறகும் உடனே கிளம்பக் கூடாது. ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்திருந்தால், 30 முதல் 45 பாகைவரை சாய்ந்த சரிவுகள் அடங்க ஒன்றிரண்டு நாள் வேண்டும். மறுநாள் காலை வானம் பளிச்சென்று நீலமாக இருப்பதைப் பார்த்து ஏறுபவர்கள்தான் பனிச்சரிவில் சிக்குகிறார்கள். வெயில் பட்ட முதல் சில மணி நேரத்தில் பனி கனத்து நழுவும்.

பிறகு வந்த விதிகள்

விபத்துக்குப் பிறகு உடனடியாகப் பேசப்பட்டது கைடு கட்டாயம் என்பது. 2023 ஏப்ரல் முதல் நேபாளச் சுற்றுலா வாரியம் வெளிநாட்டுப் பயணிகள் கைடு இல்லாமல் ட்ரெக்கிங் போகக் கூடாது என்று அறிவித்தது. தனியாளாகத் தொலைந்துபோவதைத் தடுக்க இது உதவும். 2014இல் இறந்தவர்களில் கைடோடு போனவர்களும் கைடுகளுமே இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த விதியை மட்டும் நம்பினால் பயனில்லை. கணவாயை ஒரு நாள் மூடும் அதிகாரம் யாருக்கு, அந்தச் செய்தி எத்தனை மணிக்குள் பேதிக்குப் போகும் என்பதுதான் தீர்வு வேண்டிய கேள்வி.

பயணக் காப்பீட்டுத் தாளில் உயர வரம்பைப் பார்க்க மறக்கக் கூடாது. பல பாலிசிகள் 4,000 அல்லது 4,500 மீட்டரோடு நின்றுவிடும். தோரோங் லாவுக்கு 5,500 வரை எழுத்தில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், அவசர எண்ணைக் கைடும் தன் ஃபோனில் வைத்திருக்க வேண்டும்.